இரண்டாவது பிரேக்

அரசாங்கம் என்றால் என்ன என்று மாஸ்டரிடம் கேட்டவர்கள் குறைவு. அவருடைய பதிலைக் கேட்காமல் தப்பியவர்கள் அதைவிடக் குறைவு.

"வண்டி உன்னுது. பெட்ரோல் உன்னுது. போற இடமும் உன்னுது. பக்கத்து சீட்ல ஒருத்தன் உக்காந்துக்கிட்டு, காலடியில தனக்குன்னு தனியா ஒரு பிரேக் வெச்சிக்கிட்டு, அவனுக்குப் பயம் வரும்போதெல்லாம் மிதிப்பான். அதான் அரசாங்கம்."

சொல்வதற்கு அவருக்குத் தகுதி இருந்தது. ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மிதித்தவரே அவர்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஸ்கூலை மூடிய மறுநாள் காலை, வாழ்நாளெல்லாம் மனிதர்களின் விடுதலையைக் காலால் மிதித்து வந்திருக்கிறோம் என்ற ஞானம் அவருக்குப் பல் துலக்கும்போது வந்தது. அன்றுமுதல் அரசாங்கத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அரசாங்கம் இதைக் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

முடி வெட்டும் கடைதான் அவருடைய மேடை. பாதிக் கன்னம் சோப்பு நுரையோடு பேசுவார். கடைக்காரர் கடையை விட்டுப் போக முடியாது. காத்திருப்பவர்கள் முறையை விட்டுப் போக முடியாது. இதைவிடச் சுதந்திரமான சபை வேறெங்கும் கிடைக்காது என்பது அவர் எண்ணம். வண்டிக்கு நம்பர் எதற்கு, பிறந்த பிள்ளையின் நெற்றியில் நம்பர் ஒட்டுகிறோமா என்று கேட்பார். ஹாரன் அடிப்பது கருத்துச் சுதந்திரம், அடிக்காதே என்று பலகை வைப்பது தணிக்கை என்பார். சிக்னலைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். கத்தி வைத்திருக்கும் கடைக்காரர் அந்த நேரத்தில் மட்டும் கையை எடுத்துவிடுவார். மனுஷன் சொன்னாலே கேட்காத என்னை மூன்று பல்பு கம்பத்தில் ஏறி நின்று அதட்டுவதா என்பது வாதம். சீட் பெல்ட்டை அவர் எப்போதோ அறுத்து, சரியாக மூடாத டிக்கியைக் கட்ட வைத்துக்கொண்டார். ஓடிப்போகிற சாமானைத்தான் கட்ட வேண்டும், ஓட்டுகிறவனை அல்ல.

வண்டி பழைய டிரைவிங் ஸ்கூல் வண்டியேதான். கூரையில் இருந்த பலகையைக் கழற்றினாரே தவிர, பக்கத்து சீட்டின் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கைக் கழற்றவில்லை. கழற்ற ஒருமுறை மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு எழுந்து, தலையைச் சொறிந்தார். ஓட்டுகிற சீட்டின் பிரேக் பெடலில் ரப்பர் வாங்கிய அன்று இருந்தது போலவே புத்தம் புதிதாக இருந்தது. பக்கத்து சீட்டின் பிரேக்கோ தேய்ந்து, வழுக்கைத் தலை போல் மின்னியது.

"மாஸ்டர், கழட்டணும்னா இந்தப் புதுசைக் கழட்டலாம். அதுக்குத்தான் இங்க வேலையே இல்ல போலிருக்கு."

அந்தப் பேச்சின் உண்மை மாஸ்டருக்கு உறைக்கவில்லை. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவரிடம் கற்ற எவரும் பிரேக்கைத் தொட்டதே கிடையாது. அவர்கள் கால் போவதற்குள் மாஸ்டரின் கால் போய்விடும். அதனால்தான் இந்த ஊரில் பாதிப் பேர், எதிரே எருமை வந்தாலும் பிரேக் தானாக வந்து சேரும் என்று நம்பிக்கையோடு காத்திருப்பவர்கள். ஓய்வுக்குப் பிறகு மாஸ்டர் ஓட்டுகிற சீட்டுக்கு மாறினார். பக்கத்தில் வீட்டம்மா வந்து உட்கார்ந்தாள். முதல் நாளே காலை நீட்டினாள், பிரேக் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து ஆட்சி அவள் கையில், இல்லை, காலில். மாஸ்டர் ஓட்டுவார், பேசுவார். தேவைப்பட்ட இடத்தில் வண்டி நிற்கும். வண்டிக்கு அறிவு இருக்கிறது என்று அவர் கடைக்காரரிடம் பெருமைப்பட்டதுண்டு.

எப்போதாவது அவள் மிதிப்பது கண்ணில் பட்டால் மாஸ்டருக்குக் கோபம் வரும். நீதான் பெரிய அரசாங்கம் என்பார்.

"அரசாங்கத்தை அஞ்சு வருஷத்துல மாத்திடலாம். என்னை மாத்திப் பாருங்களேன்" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் எழுபது வயது வந்தது. எழுபது தாண்டியவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். தோற்றால் வண்டியை விற்றுவிடுவது என்று மகள் முடிவு செய்திருந்தாள். அதுகூடப் பரவாயில்லை. அதன் பிறகு எங்கே போவதானாலும் மாப்பிள்ளையின் காரில், பின் சீட்டில். மாப்பிள்ளை தங்கமான பையன். அதுதான் தொல்லை. மஞ்சள் விளக்கைத் தூரத்தில் கண்டாலே நிறுத்திவிட்டு, பச்சை வந்ததும் ஒருமுறை யோசித்துவிட்டுக் கிளம்புவார். பின் சீட்டில் உட்காருபவர்களுக்கும் பெல்ட் மாட்டி, சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பார். மாஸ்டர் ஒருமுறை அந்தக் காரில் போய் வந்து இரண்டு நாள் கஞ்சி மட்டும் குடித்தார்.

ஆகவே தேர்வுக்குப் போவது என்று தீர்மானித்தார். வீட்டம்மா மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் புது பெல்ட் போட வைத்தாள். எதிர்ப்புத் தெரிவித்தபடியே மாட்டிக்கொள்வதாக மாஸ்டர் அறிவித்தார். எப்படியோ மாட்டித் தொலையுங்கள் என்றாள் அவள்.

தேர்வு நடக்கும் மைதானம் அலுவலகத்தின் பின்னால். வெள்ளையடித்த டிரம்களுக்கு நடுவே வளைந்து போய், கடைசியில் வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும். கோட்டுக்கு அப்பால் ஒரு மரம். மரத்தடியில் இன்ஸ்பெக்டரின் புதுக் கார், சீட்டுகளில் பிளாஸ்டிக் உறை கூடக் கழற்றாமல் நின்றது. வீட்டம்மா அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

மனிதனுக்குப் பதற்றம் வந்தால் கால் பழகிய இடத்துக்குத்தான் போகும். மாஸ்டர் வண்டியைச் சுற்றி வந்து, வாழ்நாளெல்லாம் திறந்த கதவைத் திறந்து, வாழ்நாளெல்லாம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். அதாவது, பக்கத்து சீட்டில்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பை, மீசை, சட்டைப் பையில் மூன்று பேனா. குனிந்து பார்த்தார். உள்ளே தன்னுடைய பழைய மாஸ்டர், பழைய சீட்டில், பழைய முறைப்போடு. கல்லூரி நாளில் இதே வண்டியில் கற்றுக்கொண்டவர் அவர்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? ஏறு" என்றார் மாஸ்டர், தன்னை மறந்து.

இன்ஸ்பெக்டர் ஏறினார். ஓட்டுகிற சீட்டில்.

அதற்கு மேல் நடந்ததைப் பெஞ்சில் இருந்து வீட்டம்மா வாய் பிளந்து பார்த்தாள். சீட்டை முன்னால் தள்ளச் சொன்னார் மாஸ்டர், தள்ளினார். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார், பார்த்தார். கிளட்ச்சை மெதுவாக விடு, அது உன் மாமனார் வீட்டு மாடா என்று கேட்டதற்கு, சாரி மாஸ்டர் என்றார். டிரம்களுக்கு நடுவே வண்டி பாம்பு போல வளைந்தது. வேகம் கூடிய இடத்தில் மாஸ்டரின் கால் தானாகப் போனது. வெள்ளைக் கோட்டில் வண்டி நூல் பிடித்தாற்போல் நின்றது. அரசாங்கமும் குடிமகனும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு வேலையைச் செய்து முடித்ததை அந்த மைதானம் அதற்கு முன் கண்டதில்லை.

இறங்கும்போதுதான் இன்ஸ்பெக்டருக்குத் தன் கையில் ஸ்டியரிங் இருப்பது தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். பெஞ்சில் இருந்த வீட்டம்மாவைத் தவிர யாரும் இல்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தி, வண்டி சுத்தி வந்துருச்சு, கோட்டுல நின்னுருச்சு, பாஸ் போட்டுடுறேன், கிளம்புங்க மாஸ்டர் என்றார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கிளம்பியிருப்பார்கள். மாஸ்டருக்குக் கொள்கை குறுக்கே வந்தது. ஓட்டியது அரசாங்கம், மிதித்தது அவர். அவருடைய சொந்த விளக்கத்தின்படி, இன்றைக்கு அவர்தான் அரசாங்கம். இது முதல் அவமானம். இதன்மேல் இனாமாக ஒரு லைசென்ஸும் வாங்கிக்கொண்டால் நாளைக்கு முடி வெட்டும் கடையில் எந்த வாயோடு பேசுவது?

"எனக்குப் பிச்சை வேண்டாம். நானே ஓட்டிக் காட்டுறேன்" என்றார்.

பெஞ்சில் இருந்த வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவளுக்கு அந்தத் தேயாத பிரேக் ரப்பரைப் பற்றித் தெரியும். தானும் வருவதாகச் சொன்னாள். தேர்வில் மூன்றாவது ஆளுக்கு விதியில் இடமில்லை என்றார் இன்ஸ்பெக்டர்.

"பின் சீட்ல இருக்கு தம்பி" என்று ஏறிக்கொண்டாள்.

மாஸ்டர் ஓட்டுகிற சீட்டில். இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில். வண்டி கிளம்பியது. அழகாகக் கிளம்பியது. டிரம்களை இடிக்காமல் வளைந்தது. இடைவழியில், இந்த டிரம்களுக்கு வெள்ளையடித்த காசு யாருடையது என்று மாஸ்டர் ஒரு கேள்வியும் எழுப்பினார். கடைசி நேர்ப்பாதை வந்தது. வெள்ளைக் கோடு நெருங்கியது. மாஸ்டர், நல்ல வண்டி, நின்றுவிடும் என்று நிம்மதியாக இருந்தார். இன்ஸ்பெக்டர், மாஸ்டர் வண்டியில் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று நிம்மதியாக இருந்தார். கோடு சக்கரத்துக்கு அடியில் போனது. இருவருமே அதைக் கவனித்தார்கள். அடுத்தவர் கவனித்துக்கொள்வார் என்றிருந்தார்கள். மரம் வந்தது. மரத்தடியில், பிளாஸ்டிக் உறையோடு, புதுக் கார் வந்தது.

பின்னாலிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டு, இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தது.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இரண்டு பம்பர்களுக்கும் நடுவில் ஒரு வெற்றிலை நுழையலாம்; கசங்காமல் நுழையும் என்று சொல்ல மாட்டேன். மாஸ்டரின் புது பெல்ட் அவரை இழுத்துப் பிடித்திருந்தது. அதைப் பற்றி அவர் இன்றுவரை கருத்துச் சொல்லவில்லை.

"ஏன் மாஸ்டர் மிதிக்கல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உன் காலடியிலயும்தானே ஒண்ணு இருந்துச்சு. நீ ஏன்டா மிதிக்கல?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். வழுக்கைப் பிரேக் அவரைப் பார்த்து மின்னியது. இந்தக் கிழவரைத் தோற்கடித்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், காலடியில் பிரேக்கை வைத்துக்கொண்டு சொந்தக் காரை இடிக்கப் போனவர் யார் என்று கேட்பார்கள். பாஸ் போட்டாலோ, கோடு தாண்டிய டயர்த் தடம் மரம்வரை கிடக்கிறது. சட்டைப் பையின் மூன்று பேனாவையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பச் செருகினார்.

வீட்டம்மாதான் வழி சொன்னாள். "கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்கு லைசென்ஸ்ல, கண்ணாடியோட மட்டும் ஓட்டலாம்னு போடுறீங்கல்ல தம்பி?"

மறுவாரம் மாஸ்டர் முடி வெட்டும் கடைக்குப் போனார், தன் வண்டியில், தானே ஓட்டி. வாசலில் வண்டி கச்சிதமாக நின்றது. வீட்டம்மா இறங்கவில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். லைசென்ஸ் கடையில் கைக்குக் கை மாறியது. மாஸ்டரின் படத்துக்குக் கீழே, கண்ணாடி என்று வர வேண்டிய இடத்தில், 'மனைவியுடன் மட்டும்' என்று இருந்தது.

கடைக்காரர் நுரையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்போ கடைசியில அரசாங்கம் பக்கத்து சீட்ல ஏறி உக்காந்துருச்சா மாஸ்டர்?"

மாஸ்டர் கண்ணாடியில் தன் பாதிக் கன்னத்தைப் பார்த்தார். அவருக்கு அசைய முடியாத கொள்கை ஒன்று மிச்சமிருந்தது: சுதந்திர மனிதர்கள் மனமொத்துப் போடும் ஒப்பந்தத்தில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை.

"அது அரசாங்கம் இல்லப்பா. ஒப்பந்தம்."

"நீங்க எப்போ கையெழுத்துப் போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்? அவ போட்டா."

வெளியே ஹாரன் ஒருமுறை அடித்தது. கருத்துச் சுதந்திரம்தான். மாஸ்டர் மீதிக் கன்னத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார்.