சும்மா வந்தவர்கள்

கல்யாணம் கட்டி ஒன்பது வருடம் கழித்து, பூரணியும் கதிரவேலும் முதல்முறையாக மூன்று நாள் தனியாக இருக்கப் புறப்பட்டார்கள். அதற்கும் ஒரு பொய் தேவைப்பட்டது. லிங்கநகரில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டில் மாமி, மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மச்சாள், மச்சாளின் மூன்று பிள்ளைகள், இவர்களுடைய இரண்டு பிள்ளைகள், இவர்கள் இருவர் என்று ஒன்பது சீவன்கள். புருசனும் பெண்சாதியும் ஒரு கதை கதைப்பதென்றால் கிணற்றடிதான் கதி. அந்த வீட்டில் நின்றுகொண்டு, ‘நாங்கள் இரண்டு பேரும் விடுமுறைக்குப் போகிறோம்’ என்று எந்த வாயால் சொல்வது? மாமி சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அது இன்னும் பெரிய கரைச்சல்.

ஆகவே கதிரவேலுக்கு இடுப்புப் பிடிப்பு வந்தது. கப்பல்துறையில் தம்பிராசா வைத்தியர் என்று ஒருவர் மூன்று நாள் எண்ணெய் போட்டுக் குணமாக்குகிறாராம், ஒத்தடம் கொடுக்கப் பெண்சாதி பக்கத்தில் இருக்க வேண்டுமாம். அப்படி ஒரு வைத்தியர் உலகத்திலேயே இல்லை. கிணற்றடியில் இருவரும் சேர்ந்து உண்டாக்கிய மனிதர் அவர். பூரணி தன் பங்குக்கு அவருக்கு ஒரு நரைத்த மீசையும் வைத்துவிட்டாள். மாமி முழுவதையும் நம்பி, ஒரு போத்தல் நல்லெண்ணெயும் கொடுத்து அனுப்பினாள்.

கப்பல்துறையில் அவர்கள் போய்த் தங்கிய வீடு கண்டி வீதியிலிருந்து உள்ளே இறங்கி, வயல் ஓரமாக இருந்தது. முன்பு நெல் மூட்டை அடுக்கிய கட்டடம். சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய நாட்களில், இராசநாயகம் என்பவர் அதன் சுவரை உடைத்துப் பெரிய யன்னல் வைத்தார். பெரிய கட்டில், வெள்ளை நுளம்புவலை, நீல மாபிள் பதித்த குளியலறை, இரண்டே இரண்டு கதிரை போட்ட குட்டிக் குசினி. வெளிநாட்டுச் சோடிகள் வந்து குவியும் என்பது அவருடைய எண்ணம். ஒன்றும் வரவில்லை. 2006 பிறந்தபோது போர்நிறுத்த ஒப்பந்தம் கடதாசியில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. வீட்டுக்கு வரைபடம் கீறிக் கொடுத்த கதிரவேலிடம், “நீராவது வந்து இரும்” என்று சாவியைக் கொடுத்தார்.

முதல் நாள் பின்னேரம் இருவரும் எதிரெதிரே அமர்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. யாரும் அழவில்லை. என்ன கதைப்பது என்றே முதலில் தெரியவில்லை. பிறகு கதைத்தார்கள், கதைத்தார்கள், தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியாகும்வரை கதைத்தார்கள். பூரணிக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. தான் இவ்வளவு சிரிப்பாள் என்பதை அவளே மறந்து போயிருந்தாள்.

“இஞ்சாரும், இனி ஆர் கேட்டாலும் பொய் சொல்லுறேல்லை,” என்றான் கதிரவேல். “சும்மா வந்தனாங்கள் எண்டு சொல்லுவம். எங்களுக்கெண்டு மூண்டு நாள் இருக்கப்படாதோ?”

“மாமிட்டயும் சொல்லுவீங்களோ?”

“ஓம், சொல்லுவன்,” என்றான், வீரனைப்போல.

மறுநாள் காலை இராணுவத்தின் சுற்றிவளைப்பு. வீதியில் முதல்நாள் ஏதோ வெடித்ததாம். ஊர்ச் சனம் முழுவதும் பள்ளிக்கூட வளவுக்குப் போக வேண்டியதாயிற்று. ஆண்கள் மரத்தடியில், பெண்கள் கட்டடத்தின் பக்கம். ஊரவர்களுடைய பெயர்கள் எல்லாம் வீட்டுப் பட்டியலில் இருந்தன. இவர்கள் இருவருடைய பெயர் மட்டும் எதிலும் இல்லை. அடையாள அட்டையில் லிங்கநகர் என்று போட்டிருந்தது.

ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்கள். அது பூரணிக்குத் தெரியும். புருசன் எதைச் சொல்லுவார் என்பதுதான் தெரியவில்லை. கதிரவேல் ஒரு மேசைக்கு முன்னால் நிற்பது தூரத்தில் தெரிந்தது. முதுகுதான் தெரிந்தது. வைத்தியரைச் சொல்லியிருப்பாரோ, சும்மாவைச் சொல்லியிருப்பாரோ? இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் தப்பிக்கலாம். அவளுடைய வரிசை நகர்ந்துகொண்டேயிருந்தது. நேற்றுத்தானே பொய் சொல்வதில்லை என்றார், அவர் சொன்ன சொல்லில் நிற்கிறவர் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

“ஏன் இஞ்ச வந்தனீங்கள்?” என்று கேட்டார் மேசையில் இருந்த இராணுவ அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் பொலிஸ்காரர்.

“சும்மா வந்தனாங்கள்.”

பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரிக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார். தடிமனில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த இளம் ஆள் அந்த அதிகாரி. முகத்தில் கோபம்கூட இல்லை.

“ஆறு கட்டை தூரத்தில வீடு இருக்குது. இஞ்ச வந்து சும்மா இருக்கிறதோ எண்டு கேக்கிறார்.”

“ஓம் ஐயா. வீட்டில இடமில்லை. கதைக்கவும் ஏலாது. அதுதான் சும்மா...”

“உங்கட அவர் வைத்தியத்துக்கு வந்தது எண்டு சொன்னவரே.”

எதற்காக அப்படிச் சொன்னார் என்பது அந்தக் கணமே பூரணிக்கு விளங்கிவிட்டது. பெண்சாதி பயந்து போயிருப்பாள், வீட்டில் சொன்னதையே சொல்லுவாள் என்று நினைத்திருப்பார். அவளுக்காகத்தான் சொல்லியிருப்பார். அதிகாரியின் கொப்பியில் தம்பிராசா என்ற பெயரும், வயது அறுபது, நரைத்த மீசை என்பதும் பதிவாகியிருந்ததைப் பொலிஸ்காரர் வாசித்துக் காட்டினார். வரிசையில் பின்னால் நின்ற அயல்வீட்டுப் புஸ்பராணியிடம், அந்த வைத்தியரின் வீடு எது என்று கேட்டார்.

“அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லையே ஐயா,” என்றாள் புஸ்பராணி. பாவம், அவளும் உண்மையைத்தான் சொன்னாள்.

இல்லாத அந்த மனிதர் யார், அவரைச் சந்திக்க இவர்கள் ஏன் வந்தார்கள் என்பது இப்போது பெரிய விசயமாகிவிட்டது. கதிரவேலைக் கூட்டிவந்து அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒருவரோடொருவர் கதைக்கக்கூடாது, பார்க்கவும் கூடாது. கடைசித் தடவையாகக் கேட்கிறார், உண்மையைச் சொல்லுங்கள், என்ன அலுவலாக வந்தீர்கள் என்றார் பொலிஸ்காரர்.

புருசனைப் பொய்யனாக்கக்கூடாது என்று பூரணி நினைத்தாள்.

“வைத்தியத்துக்கு,” என்றாள்.

“சும்மா வந்தனாங்கள்,” என்றான் கதிரவேல், அதே மூச்சில்.

வரிசையில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூரணிக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் போதும் போலிருந்தது. “இல்லை ஐயா, அவர் சொல்லுறதுதான் சரி, நாங்கள் வீட்டில ஆக்களைப் பொய் சொல்லிப் பேய்க்காட்டினனாங்கள், வேற ஒண்டும் இல்லை,” என்று அழுதழுது முழுக்கதையையும் சொன்னாள். கிணற்றடி, இடுப்புப் பிடிப்பு, மீசை எல்லாவற்றையும் சொன்னாள். பொலிஸ்காரர் பாதியிலேயே மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டார். மூன்றாவதாக வந்த கதையை யார்தான் நம்புவார்கள்? அதிகாரி இரண்டு அடையாள அட்டைகளில் ஒன்றை அவளிடம் நீட்டினார். மற்றதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“விசாரிச்சுப்போட்டு விடுவினம், அம்மா. நீங்கள் வீட்டை போங்கோ,” என்றார் பொலிஸ்காரர்.

“எப்ப விடுவினம்?”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கதிரவேலைப் பச்சை லொறியில் ஏற்றினார்கள். பூரணி ஓடிப்போய் அதன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள். கேட்க ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

“இஞ்சாருங்கோ, இனி என்னட்டக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?”

அவன் குனிந்து அவளைப் பார்த்தான். லொறி உறுமத் தொடங்கிவிட்டது.

“தெரியேல்லை பூரணி,” என்றான். “நீர் எதைச் சொல்லுவீரோ, நானும் அதையே சொல்லுறன்.”