டியூப்லைட் வெளிச்சத்தில் ஓர் ஈஸ்டர்

"மைக் டெஸ்டிங்... ஹலோ, ஹலோ..."

விடிய இன்னும் நேரம் இருந்தது. நீலாங்கரை மணலில் மூங்கில் நட்டு, வரிசையாக டியூப்லைட் கட்டியிருந்தான் கீழ்க்கட்டளை மைக் செட் ஜெயவேலு. தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்துச் சபையார் வந்து இறங்கினார்கள். ஈஸ்டர் ஆராதனையைக் கடற்கரையில் வைத்து, முடிந்ததும் அங்கேயே இட்லி, வடை, கயிறு இழுக்கும் போட்டி என்று திட்டம் போட்டவர் சபைச் செயலர் சத்தியநாதன். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். எதையும் பக்கத்துச் சபையைவிட ஒருபடி மேலே செய்யாவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது!

"சூப்பர் அரேஞ்ச்மென்ட் சார்!" என்று யாரோ சொல்ல, அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது மகள் கிருபா ஓடி வந்தாள். கல்லூரியில் விலங்கியல் படிப்பவள்.

"அப்பா, லைட்டை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஆமைக் குஞ்சுங்க மண்ணுக்குள்ளேர்ந்து வெளிய வருது. வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல்னு நெனச்சு நம்மகிட்ட வருதுங்கப்பா."

"இப்பவா? இருட்டுல நின்னு பாடினா நாலு பேர் என்ன சொல்வாங்க? சும்மா இரும்மா."

ஜெயவேலுவும் வந்து நின்றான். "சார், இன்னாவோ ஊர்ந்துகினு வருது சார். பாவமா கீது. ஜெனரேட்டரை நிறுத்திடவா?"

"நீ உன் வேலையைப் பாருப்பா!"

அவன் ஜெனரேட்டர் பக்கம் திரும்பிப் போய்விட்டான். கிருபா கைக்கு அகப்பட்டதை முந்தானையில் அள்ளி, தண்ணீருக்கும் மணலுக்குமாக ஓடினாள். ஒருத்தி எத்தனையைத்தான் அள்ள முடியும்? சபையார் கைதட்டிப் பாடினார்கள். கண்ணை மூடி ஜெபித்தார்கள். காலடியைக் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பொழுது விடிந்தது. பந்தி போட ஜமக்காளத்தை இழுத்துப் போட்ட பெண்கள் "ஐயோ!" என்று அலறினார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புக் குஞ்சுகள், செருப்புத் தடங்களுக்குள் நசுங்கிக் கிடந்தன. பஸ் நின்ற இடம் வரைக்கும் அப்படியே. காக்கைகள் வந்து கொத்த ஆரம்பித்திருந்தன.

விஷயம் புரியாமல் ஆயர் மைக்கை நீட்டினார். "நன்றியுரை சொல்லுங்க சார்."

சத்தியநாதன் வாங்கிக்கொண்டார். ஈர முந்தானையோடு நின்ற மகளை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் அவர் உடம்பு கூசிப்போனது.

"எம் பொண்ணு சொன்னா. ஜெயவேலு சொன்னான். நாலு பேர் என்ன சொல்வாங்கன்னுதான் நான் பார்த்தேன்" என்றார் சத்தியநாதன். "மண்ணுக்குள்ளேர்ந்து உயிரோட எழுந்து வந்ததுங்களை மிதிச்சுக்கிட்டே உயிர்த்தெழுதல் பாட்டுப் பாடியிருக்கோம். எனக்கு வெட்கமா இருக்கு. கடற்கரை நாம பொழுதுபோக்க வர்ற இடம். அதுங்க பிறக்கிற வீடே இதுதான். இன்னொரு உயிரோட வீட்டுல கொண்டாடப் போறவன், முதல்ல அது பிழைக்க வழிவிடணும். அது முடியலேன்னா, பேசாம நம்ம வீட்டுலயே இருந்துடணும்."