யாழ்ப்பாணத் தகடு

சோதிலிங்கத்தை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஒரே கந்தோரில் வேலை, கண்டியிலிருந்து பேராதனைக்கு ஒரே பாதை, தினமும் ஒரே சண்டை. அவருடையது வெள்ளைக்காரன் காலத்து இரும்புச் சைக்கிள். என்னுடையது மச்சான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பத்துக் கியர் ரேஸ் சைக்கிள். ஒற்றைக் கையால் தூக்கலாம். அவருடையதைத் தூக்க ஆள் பிடிக்க வேண்டும். ஏற்றத்தில் நான் தாண்டும்போதெல்லாம், கரியர் இல்லாததும் ஒரு சைக்கிளோ, அதில் ஒரு மூட்டை அரிசி கொண்டுபோக ஏலுமோ என்று பின்னாலிருந்து கத்துவார். வாய்க்கொழுப்பு!

அவருடைய பின் மட்காட்டில் சைக்கிள் வரித் தகடு, யாழ்ப்பாணம் என்று கொட்டை எழுத்தில். எங்களைப் போலக் கண்டியில் வரி கட்டித் தகடு வாங்கினால் என்ன குறைந்துவிடும்? வருஷா வருஷம் ஊரிலிருந்து தம்பியார் புதுத் தகடு அனுப்புவார், இவர் பூட்டித் துடைத்துக்கொண்டு திரிவார். வடக்கில் ஆமிக்காரர் மேல் துப்பாக்கிச் சூடு விழ விழ இங்கே சிங்களச் சனங்களின் பார்வை மாறியது. கழற்றித் தொலையுங்கள், அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று எத்தனை தரம் சொன்னேன். தன் ஊரைக் கழற்றச் சொல்ல நான் யார் என்று கேட்டவர், பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எண்பத்து மூன்று ஜூலையில் கண்டியில் தமிழரின் கடைகள் எரிந்த அன்று, கந்தோரைப் பகலிலேயே மூடினார்கள். பேச்சில்லாவிட்டாலும் இருவரும் ஒரே நேரத்தில்தான் வீட்டுக்குப் புறப்பட்டோம். வழக்கம்போல நான் முந்தினேன். வழியில் கெட்டம்பைக்குக் கிட்ட, உடைத்த கடையின் கண்ணாடி ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. என் மெல்லிய டயர்கள் படார் படார் என்று வெடித்தன. பொல்லு தடிகளோடு நின்றவர்கள் திரும்பினார்கள். முதலில் சைக்கிளைப் பிடுங்கினார்கள். அது யாருக்கு என்று அவர்களுக்குள்ளேயே இழுபறி. முடிந்ததும் என்னிடம்தான் வருவார்கள் என்று தெரிந்தும் கால் அசையவில்லை.

கண்ணாடி நொறுங்க, அந்த இரும்புச் சனியன் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறும், வீரசிங்கம். கையைப் பின்னாலை விட்டுத் தகட்டைப் பொத்தும்."

பாய்ந்து கரியரில் ஏறினேன். பின்னால் கல் வந்து விழுந்தது. அடுத்த சந்தியில் இன்னொரு கூட்டம். பழைய சைக்கிளில் இரண்டு பேர் போவதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக விட்டார்கள். தகரத்தின் விளிம்பு என் உள்ளங்கையை அறுத்தது. அந்த நேரத்திலும் மனுஷருக்கு வாய் அடங்கவில்லை.

"இப்ப சொல்லும், எது திறமான சைக்கிள்?"

"என்னோடதுதான்."

"அப்ப இறங்கி நடவும்."

சொன்னாரே தவிர, மிதிப்பதை நிறுத்தவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.