சுவருக்கு மேலே போன வயர்

கணக்கெடுக்க வந்தவர் மீட்டரை இரண்டு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, உள்ளார பேக்டரி ஏதாச்சும் ஓடுதுங்களா? போன தடவையே கேட்டேன், சிரிச்சு மழுப்பிட்டீங்க."

இந்தத் தடவை சிரிக்க வரவில்லை. என் வீட்டில் இரண்டு பல்பு, ஒரு டிவி, ஒரு மிக்ஸி. நூறு யூனிட் வரைக்கும் காசு கிடையாது என்று ஆனதிலிருந்து எனக்கு பில் வந்தால் சுழிதான் வரும். பொங்கலுக்குப் பிறகு வந்த இரண்டு பில்லையும் வாயைத் திறக்காமல் கட்டினேன். இது மூன்றாவது. நானூற்று முப்பது யூனிட். ஆடி மழையில் எஸ்டேட்டில் தற்காலிக ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் பேர் கிடைத்தால் பெரிது. தேதிக்குள் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள். பிடுங்கினால் இரண்டு வீடு இருட்டாகும். அதுதான் சங்கடம்.

அந்த இன்னொரு வீடு மூக்கம்மா அக்காவுடையது. சிலோனிலிருந்து வந்தவர்களுக்கு தேவாலாவுக்கு மேலே கட்டிக்கொடுத்த வீடுகள் எல்லாம் ஜோடி வீடுகள். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. இந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் அந்தப் பக்கம் சோறு இறங்கும். சிலோன் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டில் இருந்த எங்கள் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, "லயத்த விட்டு வந்தோம்னு நெனச்சேன், லயம் கூடவே வந்திருச்சு" என்றாராம்.

கரண்ட் வந்த வருஷம் நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு மூன்று வருஷம். என் வீட்டுக்காரர் ஆண்டி டெபாசிட் கட்டினார். மூக்கம்மா அக்காவால் முடியவில்லை. அவள் புருஷன் குந்தாப் பக்கம் கரண்ட் எடுக்கிற சுரங்க வேலையில் கல் சுமந்தவர். சளியில் இரத்தம் கக்கி அதற்கு முந்தின வருஷம்தான் செத்தார். கையில் மாலதி, நாலு வயது. அந்த மலையில் எடுத்த கரண்ட் ஊரெல்லாம் போயிற்று, அவர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

முதல் நாள் சாயங்காலம் எங்கள் பல்பு எரிந்ததும் சுவர் இடைவெளி வழியாக வெளிச்சம் அந்தப் பக்கக் கூரையில் விழுந்தது. மாலதி கைதட்டுகிற சத்தம் கேட்டது. ஆண்டி முக்காலியைப் போட்டு ஏறினார். ஒரு வயரை சுவருக்கு மேலே போட்டு அந்தப் பக்கம் ஒரு பல்பைத் தொங்கவிட்டார்.

"இது தப்பில்லையா?" என்று கேட்டேன்.

"லயத்துல காலையில எவ வீட்டு அடுப்பு முதல்ல பத்துதோ, அவகிட்ட மத்தவங்க நெருப்பு கேப்பாங்க. யாராச்சும் இல்லேன்னு சொல்லியிருக்காங்களா? நெருப்புக்கு வெலை கேட்டிருக்காங்களா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

சுவிட்சு மட்டும் எங்கள் பக்கம். ஒரே சுவிட்சில் இரண்டு பல்பும். அதனால் தினமும் எட்டு மணிக்குப் படுக்கிறபோது ஆண்டி சுவரைப் பார்த்துக் கேட்பார்: "அணைக்கட்டுமாக்கா?"

"மாலதி எழுதிக்கிட்டிருக்கா, பத்து நிமிஷம்" என்று வரும். அல்லது, "அணை, அணை. வெளிச்சத்துல இருந்து என்ன கிழிக்கப் போறோம்" என்று வரும். மாலதிக்கு முழுப்பரீட்சை வந்தால் நாங்களும் முழித்திருப்போம். ஆண்டி பீடி குடித்துக்கொண்டு, "இந்தப் புள்ள படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கண்ணு போயிரும்" என்பார். அந்தப் பக்கமிருந்து மாலதி சிரிப்பாள். அவர் செத்து ஒன்பது வருஷமாகிறது. அதற்குப் பிறகு நான் கேட்டேன், தினமும்.

மாலதி இப்போது திருப்பூர் பனியன் கம்பெனியில். அவள் புருஷன் தினேஷ்குமார் பொங்கலுக்கு வந்தபோது மாமியாருக்கு ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்தான். நல்ல எண்ணம்தான். அக்காவுக்கு மூச்சு இழுப்பு. புகை ஆகவே ஆகாது என்று கூடலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரேஷன் மண்ணெண்ணெய் நின்றுபோயிற்று. விறகுக்குப் போனால் யானை. சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் அடுத்ததற்கு முதியோர் பணம் முழுசாகப் போகும். தினேஷ்குமார் எங்கள் சுவிட்சுக்கு முன்னாலேயே வயரைப் பிரித்து, அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பிளக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

"ரேணுகா, வந்து பாரு, நெருப்பே இல்லாம தண்ணி கொதிக்குது! அரசாங்கம் கரண்ட சும்மாதானே குடுக்குது? இத்தன நாள் இந்த அறிவு நமக்கு இல்லாம போச்சே!" என்றாள் அக்கா.

அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? ஒரு பல்புக்கும் அந்த அடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னால் அது விலை கேட்டதாகிவிடும். மழை பிடித்ததும் குளிக்கத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர், சேலை உலர்த்த என்று அடுப்பு நாள் பூராவும் ஓடியது. அடுப்பு வந்ததிலிருந்து அவள் இருமிக் கேட்கவில்லை. வயரைப் பிடுங்க என் கை போகவில்லை.

தேவாலா சமுதாயக் கூடத்தில் கரண்ட் ஆபீஸ்காரர்கள் முகாம் போடுகிறார்கள், பில் கட்ட முடியாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். பேர் மாற்றப் போகிறேன் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"ஒனக்கு ஆபீஸ்ல பேச வராது. பேந்தப் பேந்த முழிப்ப. நான் வாரேன்."

கூடத்தில் நாற்பது ஐம்பது பேர். ஈரக் குடைகள் சுவரோரம் சொட்டிக்கொண்டிருந்தன. மேசையில் இருந்த அம்மா பெயர் ஐவி. கம்பளிச் சட்டைக்கு மேலே சால்வை. கரண்ட் கார்டை வாங்கிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஆண்டி யாருங்க?"

"செத்துட்டாருங்க. நான் அவரு சம்சாரம்."

"ஒன்பது வருஷமா அவரு பேர்லயே கட்டிட்டு வர்றீங்களா? பேர மாத்திடுங்க. தவணை வேணும்னா கையெழுத்துப் போட ஆள் உசுரோட இருக்கணும்ல?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்தக் கார்டில் மட்டும்தான் அவர் பெயர் மிச்சம் இருக்கிறது. ரேஷன் கார்டில் எப்போதோ அடித்துவிட்டார்கள். அதை ஆபீஸில் சொல்லி என்ன ஆகப்போகிறது? சரிங்க என்றேன்.

"மனுவுல தனியா இருக்கேன்னு எழுதியிருக்கீங்க. நானூத்தி முப்பது யூனிட் எப்படிங்க வரும்? மீட்டர் கோளாறுன்னா ஆள் அனுப்பிச் சோதிக்கச் சொல்றேன்."

ஆள் வந்தால் சுவருக்கு மேலே வயரைப் பார்ப்பார்.

"கோளாறு இல்லீங்க. கரண்ட் அடுப்பு வச்சிருக்கேன். நாள் பூராவும் எரிக்கிறேன்."

"ஒரு ஆளுக்கா?"

"வெந்நி நெறைய குடிப்பேங்க."

ஐவி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வேற வீட்டுக்கு லைன் ஏதும் குடுத்திருக்கீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"இல்லீங்க."

பெஞ்சு தள்ளுகிற சத்தம் கேட்டது. மூக்கம்மா அக்கா எழுந்து நின்றாள்.

"எவ்வளவு காசு அது?"

"நீ உக்காருக்கா."

"எவ்வளவுன்னு கேட்டேன்." மேசைக்கு வந்து பில்லை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். எஸ்டேட்டில் கொழுந்து நிறுத்துப் பேர் போடுகிற இடத்தில் நாற்பது வருஷம் கிலோ பார்த்துக் கூலி வாங்கியவள். "பொங்கல்லருந்தா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அடிப்பாவி. மூணு பில்லு. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்னைத் திட்டிவிட்டு ஐவி அம்மாவிடம் திரும்பினாள். "அடுப்பு என்னோடதும்மா. வயரும் எனக்குத்தான் வருது. இவ பொய் சொல்றா. இவ பச்சத் தண்ணி குடிக்கிறவ. எங்க வேணாலும் கைநாட்டு வைக்கிறேன், இவ ஃபியூஸ மட்டும் புடுங்காதீங்க."

அபராதம் என்ற வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். ஐவி அம்மா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பாட்டிம்மா, நீங்க சொன்னது மழைச் சத்தத்துல எனக்குக் கேக்கலே."

"இன்னும் சத்தமாச் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க! நான் சொல்றத நீங்க கேளுங்க. உங்க வீட்டுக்குத் தனி மீட்டர் எழுதிக் குடுங்க. அப்ப உங்களுக்கும் தனியா நூறு யூனிட் சும்மா. இப்ப ரெண்டு வீடு ஒரு நூறைத் தின்னுட்டு, மேல ஏற ஏற விலையும் ஏறுது. பட்டா இருக்கா?"

"கூரை ஒழுகி மக்கிப் போச்சு."

"வி.ஏ.ஓ. கிட்ட குடியிருக்கிற சான்று வாங்குங்க. ரேஷன் கார்டு எடுத்துட்டு வாங்க. இந்தம்மா பில்லுக்கு மூணு தவணை போடுறேன். அடுத்த கணக்குக்கு ஆள் வர்றதுக்குள்ள அந்த வயர் அங்க இருக்கக்கூடாது. சிக்குனா என் கையில இல்லே."

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இறங்கி மேட்டில் பாதி ஏறியதும் மூச்சு வாங்க நின்றாள்.

"நெருப்புன்னு நெனச்சேன்டி. எடுத்தாக் கொறையாதுன்னு."

"நானும்தாங்க்கா."

வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு நாலு தடவை அலைந்தோம். தினேஷ்குமார் டெபாசிட்டுக்குப் பணம் அனுப்பினான். மாலதி சண்டை போட்டு வாங்கியிருப்பாள். புரட்டாசியில் அந்தப் பக்கச் சுவரில் புது மீட்டர் வந்தது. அடுப்பு மழைக்காலத்தில் நூறைத் தாண்டத்தான் செய்யும். தாண்டுகிறதை அக்கா முதியோர் பணத்தில் கட்டுவாள். வெந்நீர் இப்போது ஒரு வேளைதான்.

வயரை நான்தான் கழற்றினேன், அதே முக்காலியில் ஏறி. ஆண்டி அடித்த ஆணி துருப்பிடித்து சுவரோடு ஒட்டிப்போயிருந்தது. ஆணியை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு எட்டு மணிக்குப் பாயை விரித்தேன். கை சுவிட்சுக்குப் போனது, வாயும் கூடவே போனது.

"அணைக்கட்டுமாக்கா?"

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"உன்னோடத அணை."

அணைத்தேன். என் பக்கம் மட்டும் இருட்டானது. சுவருக்கு மேலே அவள் வெளிச்சம் வந்து என் கூரையில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அது ஒரு நாளும் நடந்ததில்லை.

"நீ தூங்கலையாக்கா?"

"பில்லு என் பேருல வருது. எப்ப அணைக்கணும்னு எனக்குத் தெரியும். மூடிக்கிட்டுப் படு."

சிரிக்கிறாள் என்று தெரிந்தது. நான் படுக்காமல் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளாக அணைக்கிற வரைக்கும்.