பரவாயில்ல

லிஃப்ட் ரிப்பேர்காரர் வாயில் எதற்கும் ஒரே பதில்தான்: "பரவாயில்ல." கை கதவிடுக்கில் நசுங்கினாலும் பரவாயில்ல, மாமியார் வந்து மாசக்கணக்கில் தங்கினாலும் பரவாயில்ல. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் மனைவி மோசம் போனாள்.

ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "இப்பப் பரவாயில்ல, வலி விட்டுடுச்சு" என்றார். அப்பாடா என்று அவளும் துணி துவைக்கப் போனாள். குடல்வால் வெடித்ததால்தான் வலி விட்டது என்று யார் கண்டது? சாயங்காலத்துக்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆபரேஷன் முடித்து வந்த டாக்டரம்மா, "வயிறு முழுக்கச் சீழ். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே இல்ல" என்றார்.

சில நாள் கழித்து டாக்டரம்மா கட்டிலருகே வந்து கேட்டார். "எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லங்க."

"நல்லது. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

காலையிலிருந்து மனுஷன் பாலைக்கூடத் தொடவில்லை. போர்வைக்குள் அவர் கால் நடுங்குவதை மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"டாக்டர், இவர் பேச்ச நம்பாதீங்க. பரவாயில்லன்னா உயிர் போற வலின்னு அர்த்தம்."

"சும்மா இரு. என் உடம்பு எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

"தெரியும். சொல்லத்தான் தெரியாது." அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒரு தடவ ஏமாந்துட்டேங்க. இன்னொரு தடவ ஏமாற எனக்குத் தெம்பில்ல. வலிக்குதுன்னு சொல்லுங்க, மானம் ஒண்ணும் கப்பலேறிடாது."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு, "வலிக்குது" என்றார். சொன்னதும் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இதைச் சொல்ல இவ்வளவு பாடா என்று கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஸ்கேன் எடுத்தால், உள்ளே மறுபடி சீழ் கட்டியிருந்தது. வயிற்றோரம் குழாய் வைத்து வடித்தார்கள். வீடு திரும்பியபோது பாதி ஆள்தான்; சட்டைக்குள் இன்னொருத்தர் நுழையலாம்.

மெல்லத் தேறினார். "லிஃப்ட்காரன் பொழப்பு படியேறுறதாப் போச்சு" என்று சிரித்தபடி ஒருநாள் மாடிக்கு ஏறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்தார். ஊறவைத்த துணியை எடுக்கப் போனவள் நின்று, "எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவாயில்ல."

திரும்பி வந்தாள். நெற்றியைத் தொட்டாள். சட்டையைத் தூக்கித் தழும்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள்.

"நிஜமாவே பரவாயில்லடி" என்றார் பரிதாபமாக.

காய்ச்சல் இல்லை. தழும்பும் ஆறியிருந்தது. நிஜம்தான் போலிருந்தது. ஆனாலும் அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். துணி அன்று முழுக்க வாளியிலேயே கிடந்தது.