கலைய மறுத்த புகை

லாசெம் படகுத்துறையில் படகுகளுக்கு வண்ணம் பூசும் வர்சிடி ஊதிவிட்ட புகை, கிராம்பு விலை ஏறிய வருடத்திலிருந்து கலைவதை நிறுத்திக்கொண்டது. முதலில் அது பூனை அளவுக்கு அவர் காலடியில் சுருண்டு கிடந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் மழை பிந்தியது, உப்பு நன்றாக விளைந்தது, ஊரில் பேச வேறு விஷயங்கள் இருந்தன. நோன்புப் பெருநாளுக்குள் அது ஆட்டுக்குட்டி அளவாயிற்று. அடுத்த பெருநாளுக்கு ஆள் உயரம். வர்சிடியின் லேசான கூனலும், நடக்கும்போது இடது தோள் இறங்குவதும் அதற்கும் வந்துவிட்டன. முகம் மட்டும் சரியாக அமையவில்லை. அவர் முகமே அப்படியொன்றும் சரியாக அமைந்ததல்ல என்று மனைவி லஸ்மினி சொன்னாள்.

ஊர் அதை ஏற்றுக்கொள்வதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி முன்னால் முதலில் வைப்பது தண்ணீர் அல்ல, கண்ணாடித் தம்ளரில் செருகிய கிராம்புச் சிகரெட். அப்படிப்பட்ட ஊருக்குப் புகை அந்நியம் ஆகுமா? தொழுகை முடிந்து விருந்துக்கு உட்காரும்போது வர்சிடியும் புகையும் அருகருகே சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சோற்றுப் பெட்டி புகைக்கும் உண்டா என்று ஒரு தடவை வழக்கு வந்தது. ஒரே ஆளின் மூச்சுக்கு ஒரே பெட்டிதான் என்றது ஒரு கட்சி. உட்கார்ந்த இடத்துக்குத்தான் பெட்டி என்றது இன்னொரு கட்சி. லஸ்மினி பின்கட்டிலிருந்து வந்து இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனதும் வழக்கு முடிந்தது.

அவளுக்கு அந்தப் பெட்டியைத் தவிர வேறு லாபம் இல்லை. உலர்த்திய துணியெல்லாம் கிராம்பு வாடை. இரவில் புகை கட்டிலில் ஏறி இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு லஸ்மினி தலையணையோடு மகளின் பழைய அறைக்குக் குடிபோனாள். போகும்போது சொன்னாள்: "ரெண்டாங்கல்யாணம் பண்றதா இருந்தாக்கூட சட்டப்படி எங்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கணும். இதைக் கொண்டாந்து நடுவுல படுக்க வச்சீங்களே, ஒரு வார்த்தை கேட்டீங்களா?" வர்சிடி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து யோசித்தார். புகை இன்னும் கொஞ்சம் தடித்தது.

யோசிப்பதற்கும் யோசிக்காமல் இருப்பதற்கும் அவர் போகும் இடம் மாக் பா என்கிற கிழவியின் காப்பிக்கடை. லாசெம் காப்பி மாவுபோல அரைத்தது. குடித்து முடித்ததும் அடியில் சேறாகத் தங்கும். அந்தச் சேற்றைத் தட்டில் கவிழ்த்து, தாளால் ஈரம் ஒற்றி, இரண்டு சொட்டுக் கெட்டிப்பால் விட்டுக் குழைத்து, பல்குத்தும் குச்சியால் சிகரெட்டின் மேல் சித்திரம் எழுதிக் காயவைத்துப் பிறகு பற்றவைப்பார்கள். வெளியூரார் இதைப் பார்த்து, வேலை வெட்டி இல்லாதவர்கள் என்பார்கள். அது உண்மைதான். வர்சிடி எழுதினால் கடற்பாசிக் கொடி சிகரெட்டைச் சுற்றி ஏறும், மேகம் மிதக்கும், படகின் முகப்பில் வரைகிற கண் பொட்டளவில் விழித்துப் பார்க்கும். அவர் எழுதுவதெல்லாம் துல்காமித்துக்கு. ஐஸ்கட்டி லாரி ஓட்டும் துல்காமித்துக்குக் குச்சி பிடிக்கவே தெரியாது, அவர் எழுதினால் எறும்பு மிதிபட்ட மாதிரி இருக்கும். அவர் எழுதுவது வர்சிடிக்கு. இளவட்டங்களாக இருந்த காலத்திலிருந்து இருவரும் தாங்கள் எழுதியதைத் தாங்களே பற்றவைத்ததில்லை. துல்காமித் மூத்தவர் என்பதால் வர்சிடி அவரை 'காங்' என்று அழைப்பார், அண்ணன் என்ற மரியாதை. மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி.

இப்படியே போயிருக்கும். ஆனால் ரெம்பாங்கில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் நிங்ரும் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். குழந்தைக்கு நெஞ்சு பலவீனம். வர்சிடி புதுச் சட்டை போட்டு, வாசனை பூசி, பேருந்து ஏறிப் போனார். புகைக்கும் ஒரு சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. நிங்ரும் கதவைத் திறந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் தோளுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. உள்ளே குழந்தை இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"அப்பா, நீங்க மட்டும் உள்ள வாங்க," என்றாள்.

வர்சிடி ஓர் அடி வைத்தார். புகையும் வைத்தது. குழந்தையின் மூச்சு விசிலடித்தது. நிங்ரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்பக்கமிருந்து பேசினாள். "கோவிச்சுக்காதீங்கப்பா. அது உங்ககூட இருக்குற வரைக்கும் புள்ளைய உங்க கையில குடுக்க மாட்டேன்." பிறகு சன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் நிற்க, அந்தப் பக்கம் அவள் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். முகம் வர்சிடி ஜாடை. அன்று வந்த அழுகையை அவர் இருமல் என்று சொல்லிச் சமாளித்தார்.

ஊருக்குத் திரும்பி அவர் புகையை விட்டு ஓடப் பார்த்தார். இரவல் மோட்டார் சைக்கிளில் விரட்டிக்கொண்டு போனார், அது பின்சீட்டில் இருந்தது. கடலில் இறங்கி முங்கினார், அது கரையில் அவருடைய செருப்புகளுக்குக் காவலாக நின்றது. கடைசியில் சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்த அம்மாள் நெஞ்சில் குழல் வைத்துக்கொண்டே புகையை ஏற இறங்கப் பார்த்தாள். "தீனி போட்டு வளர்த்துட்டு, போ போன்னா போகுமா? தீனிய நிறுத்துங்க. தானா மெலியும்," என்றாள்.

வர்சிடி நிறுத்தினார். இதை எழுதுவது சுலபம். புளி மிட்டாயைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு திரிந்தார், உப்பு கூடிவிட்டது, உறைப்பு குறைந்துவிட்டது என்று லஸ்மினியிடம் சண்டை போட்டார், வெறும் விரல்களை உதட்டில் வைத்து உறிஞ்சினார். கை நடுங்கியதில் ஒரு படகின் கண்கள் மாறுகண்ணாக விழுந்துவிட்டன. அந்தப் படகு நேரே போகாமல் எப்போதும் இடதுபக்கமாகவே இழுத்தது. சொந்தக்காரர் திட்டிக்கொண்டே போய்ப் பார்த்தால் இடதுபக்கம்தான் மீன் இருந்தது. அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் மாறுகண் வேண்டும் என்று வந்து நின்றார்கள்.

உண்மையான சிக்கல் காப்பிக்கடையில் வந்தது. துல்காமித் வழக்கம்போல எழுதி நீட்டிய சிகரெட்டை வர்சிடி, "வேணாம் காங்," என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டால், ஒருவர் சிகரெட் நீட்ட, மற்றவர் வாங்கிக்கொள்ள, சமாதானம் என்று பொருள். வாங்காவிட்டால் பகை நீடிக்கிறது. வர்சிடி வாங்கவில்லை. ஆகவே அவருக்குக் கோபம். எதற்குக் கோபம் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் மனசாட்சியைத் துழாவ ஆரம்பித்தார்கள். ஒருவர் வர்சிடியின் வாத்தைத் தன் வாத்துக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டதை ஒத்துக்கொண்டார். வர்சிடிக்கு வாத்து காணாமல் போனதே தெரியாது. லஸ்மினிக்குத் தன் பெயரில்லாமல் ஒரு காதல் கடிதம் எழுதியதாகப் பள்ளிவாசல் முரசு அடிப்பவர் சொன்னார். அது லஸ்மினிக்கே தெரியாது, அவர் வேறு வீட்டில் போட்டுவிட்டார் போலிருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை மாலை எல்லோரும் துவைத்த சாரோங் கைலி கட்டி, குல்லாய் வைத்து, கோபம் தணிக்க வரிசையாக வர்சிடி வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு சிகரெட் பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்க வேறு என்ன கொண்டுவருவது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. லஸ்மினி அந்தக் குவியலைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். அந்த வாரம்தான் புகை தோளளவுக்குக் குறைந்து, அவர் கட்டிலில் ஓர் ஓரம் காலியாகியிருந்தது.

துல்காமித் ஒற்றைச் சிகரெட்டை உள்ளங்கையில் ஏந்தி வந்திருந்தார். லாரியை நிறுத்திவிட்டு, ஐஸ் உருகி ஓட, பகல் முழுக்க உட்கார்ந்து எழுதியது. படகு என்று அவர் சொன்னதால் அது படகு.

"காங், எனக்கு உங்க மேல ஒரு கோபமும் இல்ல," என்றார் வர்சிடி. "பேத்திய தூக்கணும். அவ்வளவுதான்."

"பேத்திய தூக்கக் கைதானே வேணும்? வாய் எதுக்கு?"

"புகை இருந்தா அவளுக்கு மூச்சு நிக்குது காங்."

"அப்ப எனக்கு?" என்றார் துல்காமித். "நான் யாருக்கு எழுதுவேன்? எவன் என் கிறுக்கலை வாங்கி இழுப்பான்?"

அவர் கண் கலங்கியிருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வர்சிடி அந்தச் சிகரெட்டை வாங்கினார். லஸ்மினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை மோந்து பார்த்துவிட்டு, பற்றவைக்காமல், காதில் செருகிக்கொண்டார். காதில் செருகியது வாங்கியதாகுமா, ஆகாதா என்று மாக் பா கடையில் அந்த மழைக்காலம் முழுக்க விவாதம் நடந்தது. முடிவு எட்டப்படவில்லை. ஆனால் பகை என்று யாரும் சொல்லவில்லை.

புகை மெலிந்துகொண்டே வந்தது. ஆட்டுக்குட்டி, பூனை, பிறகு கொசுவர்த்திச் சுருளிலிருந்து எழுகிற அளவுக்கு ஓர் இழை. மாம்பழக் காலத்தில் நிங்ரும் குழந்தையோடு வந்து இறங்கியபோது அந்த இழை வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கடல் பக்கம் போய்விட்டது. யாரும் வழியனுப்பவில்லை. வர்சிடி பேத்தியைக் கையில் வாங்கினார். குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்து, ஆழமாக ஒரு மூச்சு விட்டது. அவர் இந்த முறை இருமல் என்று பொய் சொல்லவில்லை, அழுதார். லஸ்மினி அன்று தலையணையை எடுத்துக்கொண்டு திரும்பிவந்தாள்.

வருடங்கள் போயின. வர்சிடி மறுபடியும் காப்பிக்கடைக்குப் போனார். காற்று வரும் பக்கமாக உட்கார்ந்து, தான் இழுக்காவிட்டாலும் துல்காமித்துக்கு எழுதிக்கொடுத்தார். நண்பனுக்குக் கொடுக்க அவரிடம் வேறு என்ன இருந்தது? கொடியும் மேகமும் கண்ணும் முன்னைவிட நுணுக்கமாக அமைந்தன. துல்காமித் இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து இழுத்தார். அவருக்குப் பின்னாலும் ஒரு புகை எழுந்து நிற்க ஆரம்பித்தது, அகலமாக, தொந்தியோடு.

பிறகு அவருக்கு மூச்சிரைத்தது. மாநகர மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்தபோது காப்பித் தம்ளரில் கரண்டி சுற்றும் சத்தமும் டோமினோ கட்டையைப் பலகையில் அறையும் சத்தமும் கேட்டன. எந்தக் கடை என்று விசாரித்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். வர்சிடிதான் கூடப் போயிருந்தார். படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, துல்காமித்தின் இரண்டு நுரையீரலிலும் கடற்பாசிக் கொடிகள் ஏறியிருந்தன, மேகங்கள் மிதந்தன, பொட்டளவுக் கண்கள் நூற்றுக்கணக்கில் விழித்திருந்தன. ஒரு கோடு பிசகவில்லை. இவ்வளவு நல்ல பாத்திக் துணிச் சித்திர வேலையைத் தான் பார்த்ததில்லை என்றார் மருத்துவர். வர்சிடிக்குத் தன் கைவேலை தெரிந்தது. அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னடா வெறிச்சுப் பாக்குற," என்றார் துல்காமித். "நல்லாத்தானே எழுதியிருக்க."

அதற்குப் பிறகு வர்சிடி குச்சியைத் தொடவில்லை. துல்காமித் கேட்டார், கெஞ்சினார், திட்டினார், பிறகு வெறும் சிகரெட்டையே இழுத்தார். ருசியே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே இழுத்தார். மேற்குக் காற்று தொடங்கிய வாரத்தில் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகும் அவருடைய புகை குழிமேட்டருகில் நின்றுகொண்டிருந்தது. வர்சிடி திரும்பிப் போய் அதன் பக்கத்தில் நின்றார். "வாங்க காங்," என்றார். அது வந்தது. காற்று கடலிலிருந்து பலமாக அடித்ததால், வழிநெடுக அவர் கடலுக்கும் அதற்கும் நடுவில், கைகளை அகட்டிக்கொண்டு நடந்தார். வீட்டு வாசலில் துல்காமித்தின் மனைவி சுமிரா நின்றிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து புகையை வெளியே போய் ஊது என்று விரட்டியவள் அவள். இப்போது கதவை அகலமாகத் திறந்து அதை உள்ளே விட்டாள். சன்னல்களை எல்லாம் சாத்தினாள். கதவின் கீழ் இடைவெளியில் கணவருடைய பழைய சாரோங்கைச் சுருட்டி அடைத்தாள்.

மறுநாள் சாப்பாடு கொண்டுபோன லஸ்மினிக்கு வியர்த்துக் கொட்டியது. சுமிராவை அவள் அக்கா முறைக்கு 'யூ' என்றுதான் அழைப்பாள். "யூ, ஒரு சன்னலையாவது திறங்களேன். உள்ள மூச்சு முட்டுது."

"கொஞ்சம் பொறும்மா, காத்து அடங்கட்டும்," என்றாள் சுமிரா. "போய்த் தொலை, போய்த் தொலைன்னு எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன். சொன்ன பேச்சை இப்பக் கேட்டுடுவாரோன்னு பயமா இருக்கு."

மேற்குக் காற்று மாதங்களில் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் பின்வாசல் வழியாக, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பை ஒருக்களித்து நுழைகிறார்கள். நுழைந்ததும் உடனே சாத்திவிடுகிறார்கள்.