பூக்காத மணிப்பூ

கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பையை எடுத்து மகள் முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. முன்னறையில் அப்பா வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கும்போது யாருக்குப் பாத்திரம் கழுவத் தோன்றும்? சித்திக்குத் தோன்றியிருக்கிறது.

அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டு நாலு வருடமாகிறது. மகள் இன்னும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நேற்றுச் சாயங்காலம் தொண்டைக் கரகரப்புக்கு ஏதோ இலையைக் கொதிக்கவைத்து இந்தக் கோப்பையில்தான் கொடுத்தாளாம். குடித்துவிட்டுப் படுத்தவர் விடிந்தும் எழுந்திருக்கவில்லை. வந்த டாக்டர் வயதைக் கேட்டார், இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"என்ன இலை?" என்று மகள் காலையிலேயே கேட்டிருந்தாள்.

"ஜன்னல் தொட்டியில போன வருஷம் வெதச்சோமே, மணிப்பூச் செடி. அதோட இலைதான். சாப்பிடலாம்னு உங்கப்பாதான் சொன்னாரு."

மகள் நாற்றுப்பண்ணையில் வேலை பார்ப்பவள். மணிப்பூச் செடி விதைத்த வருடம் பூக்காது. இலையை வட்டமாக விரித்துக்கொண்டு தரையோடு உட்கார்ந்திருக்கும். மறுவருடம்தான் மணி மணியாகத் தொங்கும். அச்சு அசலாக அதே மாதிரி இலை விரித்து உட்கார்ந்திருக்கும் இன்னொரு செடியும் உண்டு. அதன் இலை இதயத்தை நிறுத்திவிடும். பண்ணையிலேயே இரண்டும் கலந்துபோவதுண்டு. அப்போது காம்பைக் கிள்ளிப் பால் பார்ப்பார்கள். வடிந்தால் மணிப்பூ, வடியாவிட்டால் மற்றது.

"வண்டி கிளம்பிடுச்சாம். யாரும் எங்கயும் போயிடாதீங்க," என்று மாமா வாசலிலிருந்து சொன்னார்.

வண்டி வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனால் மிஞ்சுவது சாம்பல்தான். நிறுத்துங்கள் என்று சொல்வதானால் அதற்குள் சொல்லியாக வேண்டும். மகள் ஜன்னலுக்கு ஓடினாள். தொட்டியில் மண் மட்டும் இருந்தது, நடுவில் ஒரு குழி. செடியை வேரோடு பிடுங்கியிருந்தார்கள்.

சித்தி பின்வாசல் படியில் குந்தியிருந்தாள். மடியில் ஒரு துண்டு, அதற்கடியில் எதையோ ஒளித்திருந்தாள். இவ்வளவு சுலபமாக மாட்டிக்கொண்டாளே என்று மகளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

"துண்டை எடுங்க."

சித்தி எடுத்தாள். செடி வாடித் தொங்கியது. அதை அவளே நீட்டினாள்.

"விதை வாங்கின கடையில காட்டிக் கேக்கலாம்னு பிடுங்கினேன். நீ காலையில கேட்டதுல இருந்து எனக்கு ஒண்ணும் ஓடல. கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாம கப்பைக் கழுவித் தொலைச்சேன். நீ அதை மோந்து பாத்ததையும் பாத்தேன்." குரல் இறங்கியது. "நீ செடி வேலை பாக்குறவ. உன்கிட்ட கேக்கத்தான் பயமா இருந்துச்சு. சொல்லு, நான்தான் அவரைக் கொன்னுட்டேனா?"

மகள் ஒரு காம்பைக் கிள்ளினாள். வெள்ளையாகப் பால் கசிந்து கட்டைவிரலில் இறங்கியது. இன்னொன்றைக் கிள்ளினாள். அதிலும் பால். முதலில் வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம். அதை உணர்ந்ததும் மகளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மணிப்பூதான். இதால ஒண்ணும் ஆகியிருக்காது."

சித்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"சரியாத்தான் இருக்கும். எனக்காக நீ பொய் சொல்ல மாட்ட."

மகள் செடியை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய்த் தொட்டியைத் தூக்கி வந்து படியில் வைத்தாள். சித்தி செடியைக் குழியில் நிறுத்திப் பிடித்துக்கொள்ள, மகள் சுற்றிலும் மண்ணைத் தள்ளினாள்.

"ஆழமா அமுக்காதீங்க. குருத்துல மண்ணு விழுந்தா அழுகிடும்."

"இனிமே பூக்குமா?"

"இந்த வருஷம்தான் பூக்கணும்."

முன்வாசலில் வண்டி வந்து நின்றது. மாமா இருவரையும் கூப்பிட்டார். சித்தி பதறி எழப்போனாள்.

"இருங்க," என்று மகள் சொம்பை எடுத்தாள். தண்ணீரைச் சித்தியின் மண் கைகளின் மேல் ஊற்றினாள். அது விரல்களில் வழிந்து செடியின் அடியில் இறங்கியது.